எந்த வகை என்று எழுதுங்கள்: புற்றுநோய் ஆய்வுகூடங்களுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வுகூடங்களில் எது செய்யப்பட வேண்டும், எது தேவையில்லை என்று முடிவெடுக்கும் கதிரைகளில் இருப்பவர்களுக்கு,

"இவ்வகை நோயாளர்கள் மிகச் சிலரே என்பதால் தனியான ஏற்பாடு எதுவும் செய்ய இயலாது."

ஐயாவின், அதாவது என் தகப்பனாரின், புற்றுநோய் எந்த வகை என்று பார்க்கக் கேட்டு நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து உங்கள் பக்கத்திலிருந்து வந்த ஒரே பதில் இந்த ஒரு வரி. அது வந்தபோது ஐயா இறந்து பதினொரு நாள். வீட்டில் அந்தியேட்டிக்கு அடுக்குப் பண்ணிக்கொண்டு இருந்தோம். கடிதத்தை வாசித்துவிட்டு மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். அதற்கு மேல் எதுவும் எழுதுகிற எண்ணம் அப்போது இருக்கவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் என்னிடம் படிக்கும் ஒரு மாணவன். போன மாதம் அவன் தன் தாயின் பயொப்சி ரிப்போர்ட்டை என்னிடம் கொண்டுவந்து, "டீச்சர், இதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். இப்படித் தாள்கள் என்னிடம் வருவது புதிதில்லை. விரித்துப் பார்த்தேன். ஐயாவுக்கு வந்த அதே நோய், அதே ஒப்பரேசன், அதே ஒற்றைச் சொல்: அடினோகார்சினோமா (சுரப்பி இழையத்தில் தொடங்கும் புற்றுநோய்). அதன்பின் ஒரு முற்றுப்புள்ளி. லாச்சிக்குள் கிடந்த கடிதத்தை அன்று இரவு மறுபடி எடுத்தேன்.

2022 நல்லூர்த் திருவிழாக் காலத்தில்தான் ஐயாவின் கண் மஞ்சளானது. நோவில்லை, காய்ச்சலில்லை. உடம்பெல்லாம் கடி, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனது, மலம் வெளிறியது. செங்கண்மாரி என்று ஊரில் ஒரு பரியாரியிடம் காட்டி, பத்து நாள் கீழ்க்காய்நெல்லிச் சாறு குடித்தார். பெற்றோலுக்கு கியூஆர் காட்டி வரிசையில் நின்ற நாட்கள் அவை. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதே பெரிய யோசனை. கடைசியில் ஸ்கான் எடுத்து, வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, பித்தம் இறங்குகிற வாசலில் ஒரு சின்னக் கட்டி என்று சொன்னார்கள்.

பித்தக்கானும் சதையியின் (கணையத்தின்) கானும் சந்தித்து முன்சிறுகுடலுக்குள் திறக்கிற இடம் அது. 1720இல் ஆபிரகாம் வாட்டர் என்ற ஜெர்மன் உடற்கூற்றியலாளர் விவரித்ததால் அவர் பெயரில் வாட்டரின் ஆம்புல்லா என்கிறார்கள். விரல் நுனியளவுகூட வராத இடம். அதில் புற்றுநோய் வருவது ஒரு வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான். வாசலில் இருப்பதால் கட்டி சிறிதாக இருக்கும்போதே பித்தத்தை மறித்து, கண் மஞ்சளாகிக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் சதையிப் புற்றுநோயைவிட இதில் ஒப்பரேசன் செய்யக்கூடிய நிலையில் பிடிபடுபவர்கள் அதிகம். செய்தவர்களிலும் ஐந்து வருடம் தாண்டுபவர்கள் அதிகம். ஏறக்குறைய பாதிப்பேர் என்று பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன.

இந்த "ஏறக்குறைய பாதி" எங்கள் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது, என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த ஒக்டோபரில் விப்பிள் ஒப்பரேசன் நடந்தது. சதையியின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்கானின் ஒரு பகுதி எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துவிட்டு, மிச்சத்தை மறுபடி பொருத்துவது. 1935இல் அலன் விப்பிள் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயர். ஏழு மணித்தியாலம் நாங்கள் வெளியே வாங்கில் இருந்தோம். மின்வெட்டும் மருந்துத் தட்டுப்பாடும் இருந்த அந்த வருடத்தில், அந்த அறைக்குள் நின்றவர்களை நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். அவர்கள்மேல் எனக்கு ஒரு சொல் குறை இல்லை. வாட்டில் ஐயாவை நிமிர்த்தி இருத்திய தாதிமார்மேலும் இல்லை.

என் குறை, எடுத்ததை எடுத்த பிறகு அதை என்ன செய்தீர்கள் என்பதில்.

ஐந்து கிழமை கழித்து ரிப்போர்ட் வந்தது. ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் நாற்பது வருடம் மாம்பழ யாபாரம் செய்தவர். திருநெல்வேலிச் சந்தையில் அவருடைய பெட்டியைத் திறக்காமலே வாங்கிப் போவார்கள். கறுத்தக் கொழும்பான் என்று எழுதியிருந்தால் உள்ளே ஒரு செம்பாட்டான்கூடக் கலந்திராது. முழுவதையும் கேட்டுவிட்டு, "என்ன பிள்ளை, மாங்காய் எண்டு மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறாங்கள்" என்றார். நான் சிரித்தேன். அவர் எவ்வளவு சரியாகச் சொன்னார் என்பது அடுத்த கிளினிக்கில்தான் எனக்கு உறைத்தது.

புற்றுநோய் வைத்தியர் ரிப்போர்ட்டை வாசித்துவிட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெறுமையாக இருந்தது. "வேற தாள் ஏதும் தந்தவையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எந்த வகை எண்டு போடேல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பின்பக்கத்தின் வெள்ளை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

வகை என்றால் என்ன என்று அவர் விளக்கியதையும், பிறகு நான் தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். உங்களில் இருக்கும் வைத்தியர்களுக்கு இது தெரிந்ததுதான். கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லோரும் வைத்தியர்கள் அல்லவே, அவர்களுக்காக.

அந்தச் சின்ன வாசலில் மூன்று விதமான உள்வரி இழையங்கள் சந்திக்கின்றன: குடலுடையது, பித்தக்கானுடையது, சதையிக் கானுடையது. அங்கே முளைக்கும் கட்டி குடலைப் போலவும் இருக்கலாம். பித்தக்கானையும் சதையியையும் போலவும் இருக்கலாம். 1994இல் கிமுரா என்ற ஜப்பானியரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைக் குடல் வகை, சதையி-பித்தக்கான் வகை என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். நுணுக்குக்காட்டியில் குடல் வகை பெருங்குடல் புற்றுநோயைப் போலத் தெரியும்: உயரமான கலங்கள், நீண்ட கருக்கள் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கும். மற்றதில் சுரப்பிகள் சிறியவை, கலங்கள் குட்டையானவை, கருக்கள் உருண்டையானவை, சுற்றிவர இறுகிய நார் இழையம். சரி, எல்லாக் கட்டியும் பாடப்புத்தகப் படம் மாதிரி இராது. இரண்டும் கலந்தவையும் உண்டு. அப்படிக் குழப்பம் வந்தால், பிறபொருளெதிரிகளைக் கொண்டு கலங்களில் உள்ள புரதங்களை நிறமாக்கிக் காட்டும் இம்யூனோ நிறமூட்டல் இருக்கிறது. சிகே 20, சிடிஎக்ஸ் 2, எம்யுசி 2 ஆகிய புரதங்கள் குடல் பக்கம் காட்டும். எம்யுசி 1, சிகே 7 மற்றப் பக்கம். ஒரு சில பிறபொருளெதிரிகள், எடுத்த இழையத்தைப் பதித்து ஆய்வுகூடம் வைத்திருக்கும் மெழுகுக் கட்டியிலிருந்து அரிந்த ஒரு சில மெல்லிய சீவல்கள். அவ்வளவுதான் தேவை.

இந்த இரண்டு வகைக்கும் ஆயுள் ஒன்றாக இருப்பதில்லை. சதையி-பித்தக்கான் வகை பொதுவாகக் கெட்டது. நிணநீர்க்கணுக்களுக்கு அடிக்கடி போயிருக்கும், நரம்பைச் சுற்றி ஊரும், திரும்ப வரும். குடல் வகைக்காரர் கூடக்காலம் இருக்கிறார்கள். நான் சொன்ன "ஏறக்குறைய பாதி" என்பது இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே சாக்கில் கொட்டி எடுத்த சராசரி. சராசரியில் எந்த நோயாளியும் வாழ்வதில்லை. இரண்டில் ஒரு பக்கத்தில்தான் நிற்கிறார்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சாதாரண நிறமூட்டலை மட்டும் பார்த்து வகை சொல்லும்போது இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகச் சொல்வதுண்டு. நிணநீர்க்கணு, கட்டி எவ்வளவு ஆழம் போனது என்பவற்றையும் கணக்கில் எடுத்தால், வகையால் வரும் வித்தியாசம் சுருங்கிவிடுகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. மருந்துத் தெரிவிலும் பல இடங்களில் குடல் வகைக்குப் பெருங்குடல் புற்றுநோய் மருந்துகளின் பக்கமும், மற்றதற்குச் சதையிப் புற்றுநோய் மருந்துகளின் பக்கமும் சாய்கிறார்களே தவிர, அதை நிறுவுகிற பெரிய பரிசோதனை ஆதாரம் இன்னும் போதாது. எல்லாம் உண்மை. அப்படியென்றால் நிணநீர்க்கணுவையாவது ஒழுங்காக எழுதியிருக்க வேண்டும், இல்லையா? ஐயாவின் ரிப்போர்ட்டில் "நிணநீர்க்கணுக்களில் பரவல் உண்டு" என்று இருக்கிறது. எத்தனை கணுக்களைப் பார்த்தார்கள், எத்தனையில் இருந்தது என்று இல்லை. புற்றுநோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று குறிக்க உலகம் முழுக்கப் பாவிக்கும் படிநிலை முறையின் எட்டாவது பதிப்பில் ஒன்று முதல் மூன்று கணுவரை ஒரு நிலை, நான்கும் அதற்கு மேலும் வேறொரு நிலை. குறைந்தது பன்னிரண்டு கணுக்களையாவது பார்க்கச் சொல்கிறார்கள். எண் இல்லாமல் அந்த வரியை வைத்து எந்த வைத்தியர் எந்த நிலையை எழுதுவார்?

அந்த "ஏறக்குறைய பாதி"க்கு வருகிறேன்.

வாட்டில் ஒரு இளம் வைத்தியர் நல்ல மனதோடு, "இந்தப் பகுதியில் வாற கான்சர்களில் இதுதான் கொஞ்சம் நல்லது" என்று சொன்னார். பிழையாகச் சொல்லவில்லை. ஆனால் வகை தெரியாமல் அந்த வசனத்தை நாங்கள் முழுசாக விழுங்கிவிட்டோம். டொரொன்டோவில் இருக்கும் தம்பி 2023இல் வருவதாக இருந்தவன், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை யோசித்து 2024 ஓகஸ்ட்டுக்குத் தள்ளினான். நல்லூருக்கு எல்லோருமாக நிற்கலாம் என்று ஐயாவே சொன்னார். காணி உறுதியை மாற்றி எழுதுகிற பேச்சை அம்மா எடுத்தபோது, "அவசரமில்லை" என்றார். ஒப்பரேசனுக்குப் பிறகு கொடுத்த புற்றுநோய்க் குளிசை போட்டதில் அவருடைய உள்ளங்கையும் காலும் தோல் உரிந்து சிவந்தன. மாம்பழத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தே நாளைக்குப் பழுக்குமா மறுநாளா என்று சொன்ன கை, எதையும் தொட முடியாமல் இருந்தது. ஐந்து வருடத்துக்காகத்தானே என்று அதையும் பொறுத்துக்கொண்டார்.

2024 தையில் ஈரலில் கண்டார்கள். வைகாசியில் போய்விட்டார். தம்பி செத்தவீட்டுக்கு வந்தான்.

வகை தெரிந்திருந்தால் ஐயா பிழைத்திருப்பார் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என் படிப்பு விடாது. பத்தொன்பது மாதத்தை ஐந்து வருடம் என்று நினைத்துச் செலவழித்தோம் என்றுதான் சொல்கிறேன். தம்பி ஒரு வருடம் முந்தி வந்திருப்பான். ஐயா தோல் உரிகிற குளிசையைத் தொடரலாமா என்று வைத்தியரோடு வேறு விதமாகப் பேசியிருப்பார். தொடர்ந்திருக்கவும் கூடும், பிடிவாதக்காரன். ஆனால் தெரிந்து செய்திருப்பார்.

இனி உங்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து. கிளினிக்கில் வைத்தியர் சொன்னபடி, மெழுகுக் கட்டிகளை இம்யூனோ சோதனைக்கு அனுப்பும்படி 2023 மாசியில் ஆய்வுகூடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். இரசாயனப் பொருள் இல்லை என்றார்கள். அந்த வருடங்களில் பரசிற்றமோலே இல்லாமல் இருந்த நாடு; ஏற்றுக்கொண்டேன். அப்படியானால் கட்டிகளைத் தாருங்கள், வேறிடத்தில் பார்க்கிறோம் என்றேன். அதற்குப் படிவம் இல்லை என்றார்கள். பிறகு இலக்கம் பொருந்தவில்லை. பிறகு பொறுப்பானவர் லீவு. ஒரு தடவை, "ரிப்போர்ட்தான் தந்தாச்சே, இனி என்னத்துக்கு?" என்று ஒருவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது. இரண்டாவது கடிதம் ஆவணியில், மூன்றாவது அடுத்த தையில் ஈரலில் கண்ட கிழமை. வைகாசி முடிவில் உங்கள் ஒரு வரி.

அதன்பிறகு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போட்டேன். பதினான்கு வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. பதிமூன்றாம் நாள் தொலைபேசி வந்தது: கட்டிகள் கிடைத்துவிட்டன, வந்து எடுங்கள். பதினைந்து மாதம் காணாமல் போயிருந்தவை, கால்கடுதாசி விண்ணப்பம் ஒன்றுக்குப் பயந்து தாமாக அலுமாரியை விட்டு வெளியே வந்தன.

இரண்டு மெழுகுக் கட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு கேரம் காயைவிடக் கொஞ்சம் பெரிது. பஞ்சு சுற்றி ஒரு பழைய பிஸ்கட் டின்னில் வைத்து, மடியில் வைத்தபடி இராப்பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோனேன். வெயிலில் மெழுகு உருகிவிடும் என்ற பயத்தில்தான் இராப்பஸ். அநுராதபுரம் தாண்டும்வரை டின்னைத் திறந்து திறந்து பார்த்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு வயதான பெண் பலகாரம் என்று நினைத்திருப்பார். அங்கே ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் என் மாதச் சம்பளத்தில் கால்வாசிக்கு மேல் கட்டினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. எம்யுசி 1 உண்டு, சிகே 7 உண்டு, சிகே 20 இல்லை, சிடிஎக்ஸ் 2 இல்லை, எம்யுசி 2 இல்லை. சதையி-பித்தக்கான் வகை.

ஐயா உயிரோடு இருந்த பத்தொன்பது மாதமும் அந்தப் பதில் உங்கள் அலுமாரியில், அந்த மெழுகுக்குள் இருந்தது.

இன்னொன்றையும் அங்கே பார்த்தார்கள். ஐயாவின் தங்கச்சி, எங்கள் மாமி, நாற்பத்தெட்டு வயதில் குடல் புற்றுநோயில் இறந்தவர். லிஞ்ச் என்று ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு. அது உள்ள குடும்பங்களில் பெருங்குடலிலும் கருப்பையிலும் மட்டுமில்லாமல் இந்த வாசலிலும் புற்றுநோய் வரலாம். மரபுப்பொருளில் எழுத்துப்பிழை திருத்துகிற எம்எல்எச் 1, எம்எஸ்எச் 2, எம்எஸ்எச் 6, பிஎம்எஸ் 2 என்ற நான்கு புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று நிறமூட்டிப் பார்த்தால் சந்தேகத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிடலாம். ஐயாவின் கட்டியில் நான்கும் இருந்தன. எனக்கும் தம்பிக்கும் அவன் பிள்ளைகளுக்குமான பதில் அது. மாமியும் ஐயாவும் என்று யோசித்து யோசித்துக் கிடந்த எனக்கு அன்று இரவுதான் நித்திரை வந்தது. "தனியான ஏற்பாடு இயலாது" என்று எழுதியவர், ஒரு கட்டியின் பின்னால் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

"மிகச் சிலரே" என்பது உங்கள் காரணம். அந்தக் காரணத்தையே எடுத்துப் பார்ப்போம். இந்த நோய்க்கும் இதை அண்டிய இடங்களில் வரும் புற்றுநோய்களுக்கும் ஒப்பரேசனுக்குப் பிறகு மருந்து கொடுப்பது பலன் தருமா என்று பார்த்த பெரிய பரிசோதனை 2012இல் வெளிவந்தது. ஐரோப்பா, அவுஸ்திரேலியா, ஜப்பான், கனடா ஆகிய இடங்களில் 100 நிலையங்கள், 2000 முதல் 2008 வரை எட்டு வருடம். அவ்வளவும் சேர்த்து 428 நோயாளிகள். அதில் வாட்டரின் ஆம்புல்லாப் புற்றுநோய் 297 பேர். மருந்து பெற்றவர்களின் நடு ஆயுள் (பாதிப்பேர் தாண்டிய காலம்) 43 மாதம், பெறாதவர்களுக்கு 35 மாதம். நேரே பார்த்தால் அந்த வித்தியாசம் புள்ளிவிவரப்படி உறுதியாகவில்லை. ஆயுளைப் பாதிக்கும் மற்ற விவரங்களைக் கணக்கில் எடுத்துத் திருத்திய பிறகுதான் மருந்தின் பலன் வெளியே வந்தது. திரும்ப வாசியுங்கள்: மற்ற விவரங்களைக் கணக்கில் எடுத்த பிறகு. ஒவ்வொரு நிலையத்திலும் யாரோ ஒருவர் குந்தியிருந்து அந்த விவரங்களை எழுதி வைத்ததால்தான் அந்தப் பலன் கண்ணில் பட்டது. ஆயிரக்கணக்கில் வருகிற நோயில் ஒரு ரிப்போர்ட் குறைபட்டால் மிச்சம் ஈடுகட்டும். வருடத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பேர் வருகிற நோயில் ஒன்றைக் குறையாக எழுதினால் ஒரு விரல் போய்விடுகிறது.

புற்றுநோய்ப் பதிவுகளில் ஒவ்வொரு இழைய வகைக்கும் ஒரு சர்வதேச இலக்கம் உண்டு. குடல் வகைக்கு 8144. சதையி-பித்தக்கான் வகைக்கு 8163. அடினோகார்சினோமா, மேலதிக விவரம் இல்லை என்பதற்கு 8140. உங்கள் ரிப்போர்ட்டை வைத்து யார் பதிந்தாலும் ஐயா 8140தான். நாற்பது வருடம் வகை பிரித்து வாழ்ந்த மனிதர், "மேலதிக விவரம் இல்லை" என்ற பெட்டிக்குள் போய்விட்டார்.

தமிழைப் பற்றியும் ஒரு சொல். 1860களில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் எங்கள் பிள்ளைகளுக்கு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூற்றியல் புத்தகங்களைத் தமிழில் கொண்டுவந்தார். தன் கல்லறையில் தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்று எழுதச் சொன்னவர் அவர். அந்த மண்ணில், இத்தனை வருடத்துக்குப் பிறகு, ஒரு நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்ததைப் பற்றிய தாளில் அவருக்கு விளங்குகிற ஒரு வரி இல்லை. மகள் உயிரியல் படிப்பிக்கிறவளாக இருந்ததால் ஐயாவுக்கு ஒரு வழி இருந்தது. என் மாணவனின் தாய் வீட்டுவேலைக்குப் போகிறவர்.

நான் கேட்பவை இவை.

விப்பிள் ஒப்பரேசனில் எடுக்கப்படும் ஒவ்வொன்றுக்கும் ஒரே அமைப்பிலான ரிப்போர்ட் படிவத்தைக் கட்டாயமாக்குங்கள். பிரித்தானிய, அமெரிக்க நோயியல் கல்லூரிகள் இதற்கென்று படிவங்கள் வெளியிட்டிருக்கின்றன. புதிதாக எதுவும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. வகை, கட்டியின் அளவு, ஆழம், வெட்டிய ஓரங்களின் நிலை, நரம்பு, குருதிக்குழாய்ப் பரவல், பார்த்த கணு எத்தனை, பரவிய கணு எத்தனை. வகை நிச்சயமில்லை என்றால் "நிச்சயமில்லை, காரணம் இது" என்று எழுதுங்கள். வெறுமையாக விட வேண்டாம்.

அந்த நிறமூட்டல்களையும், குடும்பங்களுக்கான நான்கு புரதச் சோதனையையும் இங்கேயே செய்ய ஏற்பாடு பண்ணுங்கள். உடனே முடியாவிட்டால், வசதியுள்ள ஓர் அரச ஆய்வுகூடத்துக்கு மாதத்தில் குறித்த நாளில் கட்டிகள் அனுப்பப்பட்டு, குறித்த நாளில் பதில் வரட்டும். அதைக் கொண்டுபோக வேண்டியது ஆய்வுகூடம். பிஸ்கட் டின்னோடு மகள்மார் இராப்பஸ் ஏறக் கூடாது.

நோயாளியோ குடும்பமோ மெழுகுக் கட்டியைக் கேட்டால் என்ன படிவம், யாரிடம், எத்தனை நாளில் என்று எழுதி, ஆய்வுகூட வாசலில் தமிழில் ஒட்டுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் அதற்குத் தேவையில்லை என்பதை நீங்களே பதிமூன்று நாளில் காட்டிவிட்டீர்கள்.

கடந்த பத்து வருடத்தில் இந்த நோய்க்காக ஒப்பரேசன் செய்யப்பட்டவர்களின் மெழுகுக் கட்டிகள் உங்கள் அலுமாரிகளில் இருக்க வேண்டும். மெழுகு பல பத்து வருடம் கெடாமல் இருக்கும். அவற்றை எடுத்து வகை பார்த்துப் பதியுங்கள். உயிரோடு இருப்பவர்களுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வேலைக்கு ஆட்கள் போதாது என்றால், மருத்துவ பீடத்து மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வு வேறு என்ன வேண்டும்?

ஒவ்வொரு ரிப்போர்ட்டோடும் அரைப் பக்கத் தமிழ் விளக்கம் ஒன்று போகட்டும். எழுதித் தர நான் தயார். சம்பளம் வேண்டாம், பிழை பார்க்க ஒரு நோயியல் நிபுணரை மட்டும் தாருங்கள்.

எனக்கு அனுப்பிய அந்த ஒரு வரியை எழுத்தில் மீளப் பெறுங்கள்.

கடைசியாக, இது அவசரம். என் மாணவனின் தாயுடைய மெழுகுக் கட்டிகள் இப்போது உங்களிடம் இருக்கின்றன. அவருக்கு இந்த மாதம் 27ஆம் திகதி கிளினிக். இலக்கத்தோடு தனிக் கடிதம் ஒன்று இதே நாளில், அவருடைய கையொப்பத்தோடு, உங்கள் அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. 27ஆம் திகதி காலை அந்த வைத்தியர் தாளைக் கையில் எடுக்கும்போது, எந்த வகை என்பது அதில் இருக்க வேண்டும்.

கோண்டாவிலிலிருந்து,
ஒரு உயிரியல் ஆசிரியை